ஊர் வரலாற்றைத் தொகுப்பது எப்படி? புதிதாக இறங்குபவர்களுக்கு

எங்கள் ஊர்க் கண்மாய் வைகாசியில் வற்றும்போது, கரையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இரண்டு கல்தூண்கள் தலைகாட்டும். நடுவில் குறுக்குக்கல். அதில் ஆடு கட்டுவார்கள். சின்ன வயதில் நாங்கள் ஏறி உட்கார்ந்து கால் ஆட்டியிருக்கிறோம். அது குமிழித்தூம்பு என்பது எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. தூணுக்கு அடியில் கல்தொட்டி ஒன்று இருக்கிறது. அதன் மேல்மூடியில் இருப்பது நீரோடித் துளை, தரையை ஒட்டி இருப்பது சேறோடித் துளை. ஆள் முங்கி அடைப்பைத் தூக்கினால், மேலே இருக்கும் தெளிந்த தண்ணீரும் கீழே படிந்த சேறும் சேர்ந்து கரைக்கு அடியில் ஓடும் சுருங்கை வழியாக வயலுக்குப் போகும். கண்மாய் தூர்ந்து போகாமல் இருக்கப் பழைய ஆட்கள் கண்ட வழி அது. இதையெல்லாம் எனக்குச் சொன்னது எந்தப் பேராசிரியரும் இல்லை. முன்பு மடை திறக்கும் வேலை பார்த்த பெரியவர். "இத்தன நாளா ஏன்யா சொல்லல?" என்று கேட்டேன். "ஒங்களுக்கெல்லாம் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்தது. ஊர் வரலாறு தொகுக்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள், எங்கே தொடங்குவது என்று. எனக்குத் தெரிந்தது புதுக்கோட்டைப் பக்கம். அதை வைத்தே சொல்கிறேன். உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வரும் எல்லாமே அதைச் சுற்றித்தான். சேகரிக்கும் ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு முகவரி வேண்டும். யார் சொன்னது, எந்த இடத்தில், எந்தத் தேதியில், கேட்டது யார். தகவல் சரியா தப்பா என்பதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். முகவரி இல்லாத தகவலை அப்படிப் பார்க்கவே முடியாது.

சின்னதாகப் பிடியுங்கள்

"சோழர் காலம் முதல் இன்றுவரை" என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியவர்கள் மூன்றாவது வாரம் அந்த நோட்டைத் தொடுவதில்லை. ஒரு கண்மாய், ஒரு தெரு, ஒரு பள்ளிக்கூடம், ஐயனாருக்கு மண்குதிரை எடுக்கும் ஒரு புரவியெடுப்பு, மூடிப்போன ஒரு டூரிங் டாக்கீஸ் என ஏதாவது ஒன்றை எடுங்கள். ஆறு மாதம் அதை மட்டும் பாருங்கள். கண்மாயைப் பிடித்தால் பாசன முறை வரும், யார் வயலுக்கு முதல் தண்ணீர் என்ற சண்டை வரும், மீன்பிடித் திருவிழா வரும், கரையில் இருக்கும் ஐயனார் வருவார், ஐயனாருக்குக் குதிரை செய்யும் வேளார் வீடு வரும். ஊரே அதற்குள் வந்துவிடும்.

ஏற்கெனவே எழுதியிருப்பதைப் பாருங்கள்

பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிறகு, 1929ல் அச்சான கல்வெட்டை "நான் கண்டுபிடித்தேன்" என்று செய்தித்தாளுக்குக் கொடுத்துவிட்டு அசடு வழிகிறார்கள்.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இதில் யோகம். சமஸ்தானமாக இருந்த காலத்திலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளின் பாடத்தை 1929ல் அச்சிட்டுவிட்டார்கள். அருங்காட்சியகம் 1910ல் தொடங்கியது. 1938 முதல் 1944 வரை வெளிவந்த சமஸ்தான மேனுவல் என்ற விவரக் கையேட்டில் ஊர் ஊராகக் குறிப்பு உண்டு. மற்ற மாவட்டத்துக்காரர்கள் பழைய மேனுவல்களையும் கெஜட்டியர்களையும் பார்க்க வேண்டும். மதுரைக்கு நெல்சன் எழுதியது 1868ல் வந்தது, திருநெல்வேலிக்கு ஸ்டூவர்ட் எழுதியது 1879ல். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் முதல் தொகுதி 1890ல் வந்தது. வெள்ளைக்கார அதிகாரி எழுதியதில் சாதி பற்றிய வரிகளை அப்படியே விழுங்கிவிடாதீர்கள். மழையளவு, வரி, சாலை, சந்தை போன்ற விவரங்களுக்கு அவை நல்ல கையேடுகள்.

இன்னொன்று உங்கள் கிராம நிர்வாக அலுவலரிடமே இருக்கிறது. சர்வே எண் வாரியாக நில விவரம் இருக்கும் அ-பதிவேடும், நிலத்தின் அளவு வரைபடமான புலப்படமும். இப்போது தமிழ்நாடு அரசின் இணையச் சேவையிலேயே சர்வே எண் போட்டுப் பார்க்கலாம். அதை எடுத்துக்கொண்டு, விவசாயம் பார்க்கிற யாராவது ஒருவரோடு வரப்பில் நடந்து போங்கள். பதிவேட்டில் எண்தான் இருக்கும். அவர் வாயில் பெயர் இருக்கும். கூத்தாடி மானியம், வண்ணான் மானியம், குயவன் மானியம், பள்ளத்துச் செய், கல்லறுத்தான் செய். எங்கள் ஊரில் கூத்து நின்றுபோய் இரண்டு தலைமுறை ஆகிறது. ஆனால் கூத்தாடிக்கு விட்ட நிலத்தின் பெயர் இன்னும் இருக்கிறது. அந்த ஒற்றைப் பெயரை வைத்துத்தான், யார் கூத்துக் கட்டினார்கள், ஏன் நின்றது என்று கேட்கவே முடிந்தது. நான்கு நடை நடந்தால் இப்படி நாற்பது ஐம்பது பெயர் கிடைக்கும். சர்வே எண்ணுக்கு நேராக எழுதி வையுங்கள். பிளாட் போட்டு "நகர்" ஆன பிறகு இந்தப் பெயர்கள் யார் வாயிலும் வராது.

பெரியவர்களிடம் பேசுவது

"ஐயா, நம்ம ஊரு வரலாறு சொல்லுங்க" என்று கேட்டால் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, டிவியில் கேட்டதைச் சொல்வார். சேர சோழ பாண்டியர் மூவரும் ஊருக்கு வந்துவிட்டுப் போவார்கள். அப்படிக் கேட்காதீர்கள். "ஒங்க கல்யாணத்துக்குப் பொண்ணு வீட்டுக்கு எதுல போனீங்க?" என்று கேளுங்கள். வில்வண்டி, மாட்டின் நிறம், வழியில் ஆறு கடந்தது, அப்போது பாலம் இல்லாதது, பாலம் எப்போது வந்தது, அதைக் கொண்டுவந்த எம்.எல்.ஏ., அவருக்கு ஊரில் யார் ஓட்டுப் போட்டது, யார் போடவில்லை. இப்படி ஒரு வண்டியைப் பிடித்தே ஒரு மணி நேரம் போகும்.

போவதற்கு முன் வீட்டு நிலவரம் தெரிந்துகொள்ளுங்கள். சீரியல் ஓடும் நேரத்தில் போனால் வீட்டுக்காரர்களுக்கு நீங்கள் எதிரி. விடிகாலை, இல்லையென்றால் மதியச் சாப்பாட்டுக்கு முந்திய நேரம் நல்லது. தனி மைக் இருந்தால் நல்லதுதான், இல்லாவிட்டாலும் போன் போதும். மடித்த துண்டின் மேல் போனை வைத்து அவர் பக்கம் நகர்த்துங்கள், அழைப்பு வராதபடி ஃபிளைட் மோடில் போடுங்கள், மின்விசிறியை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். எங்கள் முதல் பதிவில் கேட்பது பாதி மின்விசிறி, பாதி கோழி.

பதிவு தொடங்கியதும் முதலில் நீங்கள் பேச வேண்டும். தேதி, இடம், பேசப்போகிறவர் பெயர், அவர் எந்தத் தெரு, நீங்கள் யார். பிறகு அவரிடமே, "இதைப் பதிவு பண்ணிக்கிறேன், பின்னால மத்தவங்களும் கேப்பாங்க, சம்மதமா?" என்று கேட்டு அவர் சொல்லும் பதிலும் பதிவாக வேண்டும். முடிக்கும்போது, "இதுல எதையாச்சும் வெளில விட வேணாமா?" என்றும் கேளுங்கள். பாதிப் பேர் ஏதாவது ஒன்றைச் சொல்வார்கள். அதைக் குறித்துக்கொண்டு மதியுங்கள். ஊரில் நீங்கள் நாளைக்கும் இருக்க வேண்டும்.

நாற்பது நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். குறுக்கே புகுந்து வருஷத்தைத் திருத்தாதீர்கள். அவர் நிறுத்தினால் நீங்களும் சும்மா இருங்கள். அந்த மௌனத்துக்குப் பிறகு வருவதுதான் பெரும்பாலும் விஷயம். கட்டாயம் இரண்டாம் முறையும் போங்கள். முதல் முறை நீங்கள் விருந்தாளி. இரண்டாம் முறை, "நீ போனப்பறம்தான் தம்பி ஞாபகம் வந்துச்சு" என்று அவரே தொடங்குவார். போகும்போது பழைய போட்டோ ஒன்றைக் கொண்டுபோங்கள். எந்தக் கேள்வியை விடவும் அது நன்றாகப் பேச வைக்கும்.

காலத்தைப் பிடிக்க ஒரு தந்திரம். "எந்த வருஷம்?" என்று கேட்டால் ஏதாவது ஒரு எண் வரும், நம்ப முடியாது. "சமஸ்தானம் இந்தியாவோட சேர்ந்ததுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்றால் பதில் சரியாக வரும். அது 1948 மார்ச். எங்கள் பக்கத்தில் நான் பயன்படுத்தும் மைல்கற்கள் இவை: தனுஷ்கோடிப் புயல் 1964, அண்ணா இறந்தது 1969, புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆனது 1974, எம்.ஜி.ஆர். இறந்தது 1987. சிறு வயதுக்காரர்களுக்கு கஜா புயல், 2018. ஒரு அப்பத்தாவிடம் நான் எவ்வளவு கேட்டும் பிடிபடாத காலம், அவர் சுருக்குப்பையிலிருந்து எடுத்துக் காட்டிய ஒரு அம்மன் காசில், அதாவது சமஸ்தானத்தின் சொந்தக் காசில், பிடிபட்டது. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. நவராத்திரிக்கு அரண்மனையில் அரிசியோடு கொடுத்த காசு. "எங்கம்மா வரிசைல நின்னு வாங்குனது, நான் இடுப்புல இருந்தேன்" என்றார். அப்படியென்றால் அவர் பிறந்தது சமஸ்தானக் காலத்தில். ஆதார் அட்டையில் இருக்கும் பிறந்த ஆண்டு பத்து வருஷம் தள்ளி இருந்தது.

தமிழ் வருஷப் பெயர் சொன்னால் கவனமாக இருங்கள். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வருவது அது. தாது என்றால் 1876ம் தாதுதான், 1936ம் தாதுதான், 1996ம் தாதுதான். ஒரே வீட்டில் ஒருவர், "எங்க ஐயா தாது வருஷத்துல பொறந்தவரு" என்றார், அது 1876, பெரும் பஞ்சம் தொடங்கிய தாது. அடுத்த நிமிடமே, "எங்க அண்ணனும் தாது" என்றார், அது 1936. நான் இரண்டையும் ஒன்றாகப் போட்டு ஒரு வம்சாவளியையே குழப்பி வைத்திருந்தேன்.

பெண்களிடம் தனியாகப் பேசுங்கள். வாழ வந்த பெண்ணுக்கு இரண்டு ஊர் தெரியும், இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்லத் தெரியும். இந்த ஊரில் பிறந்து வெளியூருக்கு வாழப்போன பெண்களைத் தேடிப் போனால் அதைவிட விசேஷம். ஊர் அவர்கள் மனசில் கல்யாணம் ஆன அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே நிற்கும். எந்த வீட்டுக்கு முன்னால் எந்த மரம் என்பதை, இங்கேயே இருந்து அது வெட்டப்பட்டதைப் பார்த்தவர்களை விட அவர்கள் துல்லியமாகச் சொல்வார்கள்.

நடவுப்பாட்டு, தாலாட்டு கேட்பதில் சிக்கல் இல்லை. ஒப்பாரியை மட்டும் வீட்டுக்குள் பாடச் சொல்லாதீர்கள். சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி வைப்பதா என்று மருமகள் முகம் சுருங்கும், பாடுபவருக்கும் மனசு வராது. கண்மாய்க்கரைக்கோ வயல் பக்கமோ கூட்டிப்போய்க் கேளுங்கள். அழுதால் பதிவை நிறுத்துங்கள்.

பதிவை எழுத்தாக்கும்போது பேசியபடியே எழுதுங்கள். 'வந்தாக', 'போனாக' என்றால் அப்படியே. குரலை எழுத்தாக்கும் செயலிகள் இப்போது தமிழுக்கும் ஓரளவு உதவுகின்றன, ஆனால் வட்டார வழக்கைக் கண்டால் பாடப்புத்தகத் தமிழாகத் திருத்தித் தொலைக்கின்றன. கூடவே ஒலியைக் கேட்டுச் சரிபார்க்காமல் அவற்றை நம்ப வேண்டாம்.

டிரங்குப் பெட்டிக்குள் இருப்பவை

ஓலைச்சுவடி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போகிறவர்கள், பக்கத்திலேயே இருக்கும் மொய் நோட்டைக் கவனிப்பதில்லை. என்னைக் கேட்டால் தமிழ்க் கிராமத்தின் அருமையான ஆவணம் அதுதான். ஒரு கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள், எந்த ஊரிலிருந்து, எவ்வளவு செய்தார்கள் எல்லாம் அதில் இருக்கும். ஐம்பதுகளின் நோட்டில் ஒரு ரூபாய், அரை ரூபாய். எழுபதுகளில் ஐந்து, பத்து. பெயர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர்களை ஒரு படத்தில் குறித்தால் அந்தக் குடும்பத்தின் கொண்டான் கொடுத்தான் வட்டம், அதாவது பெண் எடுத்துக் கொடுத்த ஊர்கள், வந்துவிடும். நான் பார்த்த ஒரு நோட்டில் 'ரங்கோன்' என்று ஒரு பெயருக்கு எதிரே இருந்தது. அதைப் பிடித்து, பர்மாவுக்குப் போன மூன்று குடும்பங்கள், அவற்றில் நடந்தே திரும்பி வந்த ஒருவர் என்று கதை விரிந்தது. ஆனால் மொய் என்பது திருப்பிச் செய்ய வேண்டிய கடனும்தான். யார் செய்யவில்லை என்பதைப் பொதுவில் போட்டால் அது வரலாறு இல்லை, வம்பு. தொகையையும் பெயரையும் சேர்த்து வெளியிடாதீர்கள்.

மொய் நோட்டு போலவே கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, மலேயாவிலிருந்தும் கண்டிச் சீமையிலிருந்தும் வந்த கடிதங்கள், சமஸ்தான முத்திரை போட்ட பத்திரம், ஸ்டுடியோவில் பூந்தொட்டிக்குப் பக்கத்தில் நின்று எடுத்த போட்டோ எல்லாமே வேண்டும்.

மூலத்தை வீட்டை விட்டு எடுத்துப் போகாதீர்கள். இதை எவ்வளவு சத்தமாகச் சொன்னாலும் தகும். எங்கள் பக்கத்து ஊரில் ஒருவர் வந்து, "படிச்சிட்டுத் தர்றேன்" என்று ஒரு கட்டுச் சுவடியை வாங்கிப் போய் இருபது வருஷம் ஆகிறது. அந்த வீட்டுக்காரர்கள் இப்போது யாருக்கும் பெட்டியைத் திறப்பதில்லை. நான் நான்கு முறை போய், திண்ணையோடு திரும்பியிருக்கிறேன். அங்கேயே, அவர்கள் கண்முன்னால், திண்ணை வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பிக் கொடுங்கள். பிளாஷ் வேண்டாம். பின்பக்கத்தையும் எடுங்கள், போட்டோவின் பின்னால்தான் ஸ்டுடியோ பெயரும் தேதியும் இருக்கும். ஸ்கேனர் கிடைத்தால் எழுத்துக்கு 300, போட்டோவுக்கு 600 புள்ளி அடர்த்தி (டி.பி.ஐ.) வையுங்கள்.

சுவடி என்றால் கயிற்றிலிருந்து ஏட்டை உருவாதீர்கள், வரிசை குலைந்தால் சேர்ப்பது லேசில்லை. யாராவது மண்ணெண்ணெய் தடவச் சொன்னால் கேட்காதீர்கள். தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும், 1869ல் தொடங்கிய சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலும் சுவடி பராமரிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

பத்திரத்துக்கு லேமினேஷன் போடாதீர்கள். செல்லோடேப் ஒட்டாதீர்கள். போட்டோவின் பின்னால் பெயர் எழுத பென்சில் போதும், பால்பாயிண்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் அழுந்தித் தெரியும். கஜா அன்று எங்கள் வீட்டு ஓடு பறந்து பெட்டி நனைந்தது. மறுநாள் வெயிலில் எல்லாவற்றையும் காயப்போட்டேன். காகிதம் வளைந்தது, போட்டோக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகிவிட்டன. நிழலில், காற்றோட்டமாக, பருத்தித் துணி மேல் தனித்தனியாகப் பரப்பியிருக்க வேண்டும். என் அம்மாச்சிக்கு இருந்த ஒரே போட்டோ அதில் போயிற்று.

கல்லில் கை வைக்குமுன்

கல்வெட்டைப் பார்த்தால் சுண்ணாம்பு, மாவு, மஞ்சள், எண்ணெய் எதையும் பூசாதீர்கள். சாக்பீஸால் எழுத்தின் மேல் எழுதாதீர்கள். நீங்கள் 'படித்த' எழுத்து கல்லில் ஏறி, அடுத்து வருகிறவர் உங்கள் தப்பையே படிப்பார். வெறும் தண்ணீர், மெல்லிய துணி, அவ்வளவுதான். இருட்டிய பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில், கல்லோடு ஒட்டினாற்போலப் பிடித்து மெதுவாக நகர்த்துங்கள். பகலில் மொட்டையாகத் தெரிந்த கல்லில் எழுத்து எழுந்து நிற்கும். பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து முழுக்கல்லையும் ஒரு படம், பிறகு வரி வரியாகப் படம். தாளை நனைத்து ஒற்றி மைப்படி எடுப்பது பயிற்சி உள்ளவர்கள் வேலை.

பழைய கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. அதனால் முதல் நாளே மன்னர் பெயரைப் படித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். 'ஸ்வஸ்திஸ்ரீ' என்று தொடங்குகிறதா, 'யாண்டு' என்ற சொல் இருக்கிறதா என்று மட்டும் தேடுங்கள். யாண்டு என்பதை ஒட்டி வரும் எண் ஆட்சியாண்டு. அது தெரிந்தால், அச்சான தொகுதியில் தேடவும் தெரிந்தவரிடம் கேட்கவும் பிடி கிடைக்கும்.

கோயிலில் திருப்பணி என்று பேச்சு அடிபட்டதும் ஓடுங்கள். கும்பாபிஷேகத்துக்கு முன் கல்லை மணல் வீசித் தேய்ப்பதும், தரைக்கு டைல்ஸ் ஒட்டுவதும், சுவருக்கு எனாமல் அடிப்பதும்தான் எழுத்துகளுக்கு எமன். நிறுத்த உங்களால் முடியாமல் போகலாம். அதற்கு முன் படமாவது எடுத்துவிடலாம்.

மண்ணிலிருந்து ஏதாவது கிடைத்தால் வீட்டு ஷோகேஸுக்குக் கொண்டுபோகாதீர்கள். புதைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். சட்டம் கிடக்கட்டும், இடத்தை விட்டு எடுத்த பானை ஓடு வெறும் ஓடுதான். கீழடியில் 1970களிலேயே மாணவர்கள் வழியாகத் தகவல் அறிந்து, கிடைத்த பொருள்களைப் பற்றித் தொல்லியல் துறைக்குச் சொன்னவர் பள்ளி ஆசிரியர் வி. பாலசுப்பிரமணியன். இந்தியத் தொல்லியல் துறையின் அகழாய்வு அங்கே தொடங்கியது 2014-15ல். நடுவில் நாற்பது வருஷம். உங்கள் கடிதத்துக்கும் உடனே பதில் வராது. நகல் எடுத்து வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

யாருடைய ஊர்?

இதைச் சொல்லாமல் போனால் மற்றதெல்லாம் பூசி மெழுகல். நாம் எழுதும் ஊர் வரலாறுகளில் பாதி, கோயில் தெரு வரலாறு. கோயில் தெருவில் கேட்டால், "கண்மாயை எங்க முன்னோர் வெட்டுனாக" என்பார்கள். கீழத்தெருவில் கேட்டால், மண் சுமந்தவர்கள் யார், கரை உடைந்த இரவில் உடம்பைக் குறுக்கே கொடுத்து அடைத்தவர்கள் யார் என்று சொல்வார்கள். அவர்களிடம் பத்திரம் இருக்காது, கல்வெட்டு இருக்காது, நினைவு இருக்கும். அங்கேயும் அதே துண்டு, அதே போன், அதே நாற்பது நிமிடம். முடிந்தால் அங்கிருந்தே தொடங்குங்கள். கோயில் தெருவில் தொடங்கினால் நீங்கள் யார் ஆள் என்பது மாலைக்குள் ஊர் முழுக்க முடிவாகிவிடும்.

முதல் மரியாதை, மண்டகப்படி, எல்லைக்கல், பாதை இவற்றில் ஆளுக்கொரு கதை இருக்கும். எது சரி என்று தீர்ப்பு எழுதாதீர்கள். இரண்டையும், மூன்று இருந்தால் மூன்றையும், யார் சொன்னது என்ற முகவரியோடு பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வழக்கு நடக்கும் விஷயம் என்றால் வெளியிடாமல் வைத்திருப்பதே நல்லது. உங்கள் பதிவை யாராவது நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனால், பேசிய பெரியவர் அதற்கப்புறம் வாய் திறக்க மாட்டார்.

பெயரிட்டு, பிரித்து வைப்பது

எங்கள் முதல் பன்னிரண்டு பதிவுகளின் பெயர் 'புதிய பதிவு 1' முதல் 'புதிய பதிவு 12' வரை. அவற்றில் ஒன்றில் ஒரு கிழவி அற்புதமான நடவுப்பாட்டு பாடுகிறார். யார் அவர்? இன்றுவரை தெரியவில்லை. பதிவு செய்த எனக்கும் நினைவில்லை. இப்போது கோப்பின் பெயர் தேதியில் தொடங்கும், பிறகு தெரு, பிறகு பேசியவர், பிறகு பொருள். வீட்டுக்கு வந்த அன்றைக்கே இதைச் செய்துவிட வேண்டும், மறுநாள் என்று வைத்தால் நடக்காது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு ஊரில். என்னுடைய மூன்றாவது பிரதி திருச்சியில் தங்கச்சி வீட்டு அலமாரியில் இருக்கிறது.

எங்கே கொடுப்பது

ஒரே இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு யாழ்ப்பாணம் போதும். 1981ல் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. பிறகு 2005ல் தன்னார்வலர்கள் தொடங்கிய 'நூலகம்' என்னும் டிஜிட்டல் நூலகம், ஈழத்து நூல்கள், இதழ்கள், சிறு மலர்கள் என்று தேடித் தேடி இணையத்தில் ஏற்றுகிறது. ஊர்க்கோயில் மலரும் பள்ளி ஆண்டு மலரும் அங்கே ஆவணம். உங்களுடையது ஈழத்தோடு தொடர்புடையதாக இருந்தால் அவர்களிடம் கேளுங்கள்.

படங்களை விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றலாம். எடுத்தது நீங்களாக இருக்க வேண்டும், அல்லது எடுத்தவர் ஒப்புதல் வேண்டும். ஏற்றினால் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்துவார்கள் என்பதை வீட்டுக்காரரிடம் விளக்கிச் சொல்லுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் ஊர்க்கட்டுரை எழுதலாம், ஆனால் உங்கள் அப்பத்தா சொன்னது அங்கே ஆதாரமாக நிற்காது, அச்சான சான்று கேட்பார்கள். கோபப்பட வேண்டாம், அவர்கள் விதி அது. முதலில் சிறு நூலாக அச்சிட்டுக்கொள்ளுங்கள்.

புத்தகம், பழைய அச்சுத்தாள் என்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் தொழில் பார்த்த ரோஜா முத்தையா செட்டியார் தனி ஆளாகச் சேர்த்த நூல்களில் இருந்து 1994ல் உருவானது அது. புதுக்கோட்டையிலேயே பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி கிருஷ்ணமூர்த்தி தம்பதி வளர்த்த ஞானாலயா இருக்கிறது. ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், அடுக்கி வைப்பது என்றால் என்ன என்பது புரியும்.

வெளியே கொடுப்பதற்கு முன் ஊருக்குக் கொடுங்கள். நாங்கள் நாற்பது பக்கத்தில் கண்மாய் பற்றி ஒரு சிறு நூல் போட்டோம், ஐம்பது பிரதி. பேசிய ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு இரண்டு, கிளை நூலகத்துக்கு ஒன்று. படிக்கத் தெரியாதவர்களுக்காக, புரவியெடுப்புக்கு முந்தின நாள் சாயந்தரம் ஐயனார் கோயில் திடலில் சத்தமாக வாசித்தோம். வாசித்தது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. ஏழாம் பக்கம் வந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "ஏத்தா, நிறுத்து. ரெண்டு மடைன்னு எழுதியிருக்கீக. மூணு மடை. வடக்க ஒண்ணு இருந்துச்சு, ரோடு போட்டப்ப மூடிட்டாக." வாசித்த பிள்ளை என்னைப் பார்த்தது. நான் பென்சிலை எடுத்து, ஏழாம் பக்க ஓரத்தில் அவர் பெயர், தெரு, அன்றைய தேதி எழுதிக்கொண்டேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு வடக்கே போவதென்று முடிவானது. மண்வெட்டி எடுக்காமல்.